தேசிக்காயும் புதினாவும் ஒரு போத்தல் தண்ணீரும்

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக, எமது மனைப்பொருளியற் கூடத்தில் பழைய மாணவிகளுக்கும் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் செய்முறையுடன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் அவர் மாரடைப்பைப் பற்றியோ புற்றுநோயைப் பற்றியோ திரையில் படங்காட்டிப் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். இன்று எனக்கு முன்னால் மேசையில் இருப்பவை பதினைந்து தேசிக்காய், ஒரு பிடி புதினா, ஒரு துண்டு இஞ்சி, சீனி, உப்பு, ஒரு கேத்தில் தண்ணீர். செயலாளர் தலைப்புக் கேட்டபோது, "வெயில் காலத்துக்கு ஒரு குடிபானம்" என்று சொன்னேன். "அவ்வளவுதானா டொக்டர்?" என்றார். அவ்வளவுதான். ஆனால், பங்குனி சித்திரை மாதங்களில் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களில் பலருடைய வருத்தம் இந்த மேசையோடு தொடர்புடையது. ஆகவே முதலில் வருத்தத்தைச் சொல்லி, பிறகு செய்முறைக்கு வருகிறேன்.

சித்திரை முதற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். சோளகம் வீசத் தொடங்கும்வரை வடக்கில் காற்றும் இருக்காது. அந்த நாட்களில் எங்களிடம் வருபவர்கள் யார்? சலக்கடுப்போடு வரும் ஆசிரியைகள். நாரியிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் கல்லுக்குத்தோடு வரும் குடும்பப் பெண்கள். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகள். வெங்காயம் கிண்டிவிட்டுத் தலையிடியோடு வரும் தோட்டக்காரப் பெண்கள். தனியே இருந்து, சோர்ந்து, பேச்சுத் தடுமாறிய நிலையில் அயலவர் கூட்டிவரும் வயதான அம்மாமார். நோய்கள் வேறு வேறு. ஆனால் "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். "காலமை ஒரு தேத்தண்ணி, பதினொரு மணிக்கு ஒரு தேத்தண்ணி, பின்னேரம் ஒன்று. தண்ணி வெறுமையாய்க் குடிக்க மனம் வராது டொக்டர்." இன்னும் சிலர் தணிந்த குரலில், "தண்ணி குடிச்சால் அங்கை போகவேணும். வேலை செய்யிற இடத்திலை அங்கை போக ஏலாது" என்பார்கள். இந்த இரண்டாவது பதிலுக்குக் கடைசியில் வருகிறேன். முதலாவது பதிலுக்குத்தான் இந்தத் தேசிக்காய்.

தண்ணீர் குடிப்பது வெறும் அறிவுரையல்ல, சிகிச்சை. அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஏற்படும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களில் அரைவாசிப் பேர் வழமையாகக் குடிப்பதைவிட நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருட முடிவில், வழமைபோல இருந்தவர்களுக்குச் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் தொற்று வந்திருந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு அது இரண்டு தடவைக்கும் குறைவு.  சிறுநீரகக் கல் ஒருமுறை வந்தவர்களுக்கும் நாங்கள் முதலில் சொல்வது, நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் சலம் போகும் அளவுக்குக் குடியுங்கள் என்பதுதான்.

வெறுந்தண்ணீர் தொண்டையில் இறங்காதபோது அதற்குக் கொஞ்சம் புளிப்பும் மணமும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கோயில் திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப் பந்தலை நினைத்துப் பாருங்கள். மோரிலே சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கசக்கிய தேசியிலை. இன்னொரு பக்கம் ஊறுகாய்த் தண்ணீர். வெயிலில் நடந்து, வியர்த்து, உப்பை இழந்து வரும் மனிதருக்குத் தண்ணீர், உப்பு, புளிப்பு மூன்றையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணி விடாய் தீர்க்கும் அந்த அறிவைத்தான், வேலைக்குப் போகும் பெண்ணின் சமையலறைக்கு ஏற்றபடி ஒரு போத்தலுக்குள் அடக்கப் போகிறோம். இருபது நிமிட வேலை. ஒருமுறை செய்தால் பதினாறு, பதினேழு தம்ளருக்குப் போதும்.

இனிச் செய்முறை.

தேவையானவை: நடுத்தர அளவுத் தேசிக்காய் 15, சீனி 150 கிராம், தண்ணீர் 150 மில்லிலீற்றர், தட்டிய இஞ்சி 20 கிராம், புதினா இலை ஒரு பெரிய பிடி, உப்பு கால் தேக்கரண்டி.

முதலாவது, இலையைக் கழுவுதல். புதினா நிலத்தோடு ஒட்டி வளர்வது. ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசி, தடித்த தண்டுகளை நீக்குங்கள். தேசிக்காயையும் தோலோடு தேய்த்துக் கழுவுங்கள். வெட்டும்போது தோலில் உள்ள அழுக்குக் கத்தியோடு உள்ளே போகும்.

இரண்டாவது, பாகு. தண்ணீரையும் சீனியையும் எவர்சில்வர்ச் சட்டியில் கொதிக்க வையுங்கள். சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை நிறுத்தி, இஞ்சியையும் புதினாவையும் போட்டு, மூடியால் மூடி, பத்து நிமிடம் விடுங்கள். மூடுவது முக்கியம். புதினாவின் மணம் ஆவியோடு பறக்கும் எண்ணெய். மூடாவிட்டால் அது சமையலறைக்குத்தான் மணக்கும், போத்தலுக்கு வராது. புதினாவைப் பிளெண்டரில் போட்டு அரைக்க வேண்டாம். அரைத்தால் பச்சை வாடையும் கசப்பும் வரும்.

மூன்றாவது, சாறு. இந்தப் பத்து நிமிடத்துக்குள் தேசிக்காய்களை மேசையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டிப் பிழியுங்கள். எங்கள் ஊர்த் தேசிக்காய் ஒன்றில் ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் சாறு வரும். பதினைந்துக்கு 300 மில்லிலீற்றர். பிழிந்த உடனே வடித்து விதைகளை அகற்றிவிடுங்கள். விதையும் வெள்ளைத் தோலும் சாற்றோடு ஊறினால் நேரம் போகப்போகக் கசப்பேறும். காலையில் ருசியாக இருந்த தேசிக்காய்த் தண்ணீர் பின்னேரம் கசப்பது பெரும்பாலும் இதனால்தான்.

நான்காவது, கலத்தல். பாகை வடித்து நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பின்னரே தேசிச் சாற்றையும் உப்பையும் சேருங்கள். சாற்றைக் கொதிக்க வைத்தால் அதன் புது மணம் போய்விடும், விற்றமின் சியும் குறையும். வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மூடுங்கள். ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் கிடைக்கும்.

குடிக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி சாற்றை, அதாவது 30 மில்லிலீற்றரை, 200 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்குங்கள். மேலே இரண்டு புதினா இலையைக் கையால் தட்டிப் போட்டால் மணம் எழும்பும். போத்தலில் உள்ள சாறு ஓரிரு நாளில் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். புளிப்புப் பட்டால் இலையின் பச்சையம் அப்படித்தான் மாறும். கெட்டுப் போய்விட்டது என்று ஊற்றிவிட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். நுரைத்தாலோ வாசனை மாறினாலோ எறிந்துவிடுங்கள். தேசிக்காய் மலிவாக இருக்கும் காலத்தில் கூடுதலாகச் செய்து, ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் இரண்டு மாதம் இருக்கும். ஒரு தம்ளருக்கு இரண்டு கட்டி போதும்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியச் சட்டி, பித்தளைக் குடம், அம்மம்மாவின் மூக்குப்பேணி, இவற்றில் புளிப்பானதை ஊற்றி வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். மூக்குப்பேணி தண்ணீருக்கு நல்லது. இதற்குக் கண்ணாடியும் எவர்சில்வரும்தான்.

இனி, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய கணக்கு.

நாங்கள் இட்ட சீனி 150 கிராம். பதினாறு தம்ளர் என்று வைத்தால் ஒரு தம்ளருக்கு ஒன்பது கிராம் அளவில் வரும். இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல். 100 மில்லிலீற்றருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு கிராம். இலங்கையில் 2016 ஓகஸ்ட் மாதம் முதல் போத்தல் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம்வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. எங்கள் பானம் செம்மஞ்சளில் கீழ்ப்பகுதியில் நிற்கிறது. சிவப்புக் குறியுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றைக் குடித்தால் 44 கிராமுக்கு மேல், அதாவது பதினொரு தேக்கரண்டிச் சீனி உள்ளே போகும். ஒரு தேத்தண்ணிக்குப் பதினொரு கரண்டி போடும் மனிதரை நாங்கள் யாரும் கண்டதில்லை. குளிராக இருந்தால் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும். அதனால்தான் போத்தலில் அவ்வளவும் தெரியாமல் இறங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை, சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். எங்கள் பானத்தில் இரண்டு தம்ளர் குடித்தாலே 18 கிராம் போய்விடும். ஆகவே முதல் முறை 150 கிராமில் தொடங்குங்கள். அடுத்த முறை 125, பிறகு 100, பிறகு 75. நாக்கு இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். 75 கிராமில் ஒரு தம்ளருக்கு ஏறத்தாழ ஐந்து கிராம்தான். புளிப்புக் கூடினால் தண்ணீரைக் கூட்டுங்கள். அதுதானே எங்களுக்கு வேண்டியது.

"சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா, தேன் விடலாமா?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்பார்கள். ருசிக்குப் போடலாம். ஆனால் சீனி வருத்தம் உள்ளவருக்கு அவையும் சீனிதான். அவர்கள் பாகையே விட்டுவிட்டு, தேசிச் சாறு, தட்டிய இஞ்சி, புதினா மூன்றையும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு வடித்துக் குடிக்கலாம். வாயு நிரப்பிய சீனியில்லாச் சோடாத் தண்ணீரோடும் நன்றாக இருக்கும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது.

அடுத்து, இந்தத் தேசிக்காய் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நேராகச் சொல்ல வேண்டும். வட்சப்பில் வரும் செய்திகளைப் பார்த்தால், காலையில் தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் கொழுப்புக் கரையும், புற்றுநோய் மாறும், இரத்தம் சுத்தமாகும் என்று இருக்கும். அப்படி எதுவும் இல்லை. இரத்தத்தைச் சுத்தமாக்கும் வேலையைச் சிறுநீரகம் செய்கிறது. அதற்கு வேண்டியது தண்ணீர்.

விற்றமின் சி பற்றியும் ஒரு வரலாறு உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயால் முரசு வீங்கிக் கிடந்த பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்கள் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் லெமனும் சாப்பிட்ட இருவர்தான் விரைவில் எழுந்து நடமாடினார்கள். பின்னாளில் பிரித்தானியக் கடற்படை லெமனை விட்டு மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாற்றுக்கு மாறியது. புளிப்பு ஒன்றுதானே என்று நினைத்தார்கள். ஆனால் தேசிக்காயில் விற்றமின் சி குறைவு, தேக்கி வைத்த சாற்றில் இன்னும் குறைவு. 1875இல் ஆர்க்டிக் பயணம் சென்ற கப்பல்களில் தேசிச் சாறு இருந்தும் ஸ்கேவி திரும்ப வந்தது. எங்கள் பானத்தின் ஒரு தம்ளரில் ஐந்து மில்லிகிராம் அளவில்தான் விற்றமின் சி இருக்கும். உங்கள் வளவில் நிற்கும் கொய்யாவில் ஒரு பழம் சாப்பிட்டால் அதைவிடப் பலமடங்கு கிடைக்கும்.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன்? குருதிச்சோகை எங்கள் பெண்பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணும் ஒன்று. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அந்தத் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்து, அந்த இடத்தில் இந்தத் தம்ளரைக் குடியுங்கள். புளிப்பு இரும்பை உறிஞ்சக் கொஞ்சம் உதவும். தேயிலை விலகி நிற்பது அதைவிட உதவும். கீரைக்கடையலை இறக்கித் தேசிப்புளி விடும் எங்கள் வழக்கம் அதே காரணத்தால் நல்ல வழக்கம்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் தேசிக்காயில் உள்ள சித்திரிக் அமிலத்தால் ஒரு சிறு நன்மை உண்டு. அது சலத்தில் சித்திரேற்றாகச் சேர்ந்து, கல்சியம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாவதைத் தடுக்கும். ஆனால் ஒரு தம்ளரில் உள்ள அளவு சிறியது. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுத் தேசிக்காயை நம்ப வேண்டாம். இங்கும் பெரிய வேலையைச் செய்வது தண்ணீர்தான்.

யார் கவனமாக இருக்க வேண்டும்? சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் தண்ணீரின் அளவையே வைத்தியர் மட்டுப்படுத்தியிருப்பார். அவர்கள் அந்த அளவுக்குள்ளேயே இதையும் கணக்கிட வேண்டும். சிறுநீரக நோயாளர் தேசிக்காய்க்குப் பதிலாகத் தோடம்பழச் சாறும் இளநீரும் விருப்பப்படி குடிக்கக் கூடாது. அவற்றில் பொற்றாசியம் அதிகம். குருதி அமுக்கம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம். வெயிலில் தோட்ட வேலை செய்பவர்கள் ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளலாம். நெஞ்செரிவு உள்ளவர்களுக்குப் புளிப்பும் புதினாவும் அதைக் கூட்டக்கூடும்.

வயிற்றோட்டத்துக்கு இது மருந்தல்ல. அதற்கு ஜீவனி இருக்கிறது. பைக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது கைக்கு எட்டாத நேரத்தில், ஒரு லீற்றர்த் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவு மாறக் கூடாது. டெங்குக் காய்ச்சல் காலத்தில் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வோம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரித்தறிய வேண்டும் என்பதே காரணம்.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளிப்புப் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தலில் இதை நிரப்பி நாள் முழுவதும் உறிஞ்ச வேண்டாம். அந்தப் போத்தலில் வெறுந்தண்ணீர் இருக்கட்டும். இதை இடைவேளைக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று எனத் தம்ளரில் குடித்து முடித்து, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காமல் அரை மணித்தியாலம் பொறுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று தோல். தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் வேகும். தேசித் தோலில் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, சில வேளை கொப்பளித்து, சாறு வடிந்த கோட்டின்படியே கறுத்த அடையாளம் விழும். மறைய மாதங்கள் ஆகலாம். குழந்தையின் உடம்பில் அம்மாவின் விரல் அடையாளம்போலத் தெரிந்து, யாரோ அடித்ததாகச் சந்தேகிக்கவும் இடமுண்டு. விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் இருந்து தேசிக்காய் பிழியும் தங்கைமார் இதை நினைவில் வையுங்கள். நிழலில் பிழிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.

இனிக் கடல் கடந்து வாழும் எங்கள் பழைய மாணவிகளுக்கு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பெரிய, விதையில்லாத பாரசீகத் தேசிக்காய். சாறு கூடுதலாக இருக்கும். பத்துக் காயே போதும். அங்கே வெயில் என்ன வெயில் என்று நாங்கள் நினைப்போம். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெப்பநிலை முதல் தடவையாக 40 பாகையைக் கடந்தது. வெப்பத்துக்காகக் கட்டப்படாத வீடுகளுக்குள் அது எங்கள் சித்திரையைவிடக் கொடுமை. தேசிக்காய்க்குப் பதிலாகக் கிரேப்புறூட் போடுவதானால் மட்டும் கவனம். சிம்வாஸ்ரற்றின் போன்ற சில கொழுப்புக் குளிசைகளோடும் சில பிறசர்க் குளிசைகளோடும் அது ஒத்துப்போகாது. மருந்து இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கூடும். ஊரில் ஜம்போலாவுக்கும் அதே எச்சரிக்கை. இந்தச் சாற்றோடு வேறெதையும் கலப்பவர்கள் அங்கே இருக்கலாம். அதைப் பற்றி இந்த மேடையில் நான் ஒன்றும் கேட்கவில்லை. மதுபானம் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் என்பதை மட்டும் வைத்தியராகச் சொல்லி வைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வாரந்தோறும் ஊருக்கு அழைக்கும் மகள்மாரிடம் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் முதற் கேள்வி எப்போதும் "சாப்பிட்டாச்சா அம்மா?" என்பதுதான். வயது போகப்போகத் தாகம் என்ற உணர்வே குறைந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் நாக்குக் கேட்காது. இரவில் எழும்பி நடக்கப் பயந்து பின்னேரத்தோடு தண்ணீரை நிறுத்துபவர்களும் உண்டு. அப்படி நாலைந்து நாள் போனால் சோர்வு, தடுமாற்றம், விழுதல், இடுப்பு முறிவு. பல வீடுகளில் வரிசை இப்படித்தான். "அம்மா, இண்டைக்கு எத்தினை தம்ளர் தண்ணி குடிச்சனீங்கள்?" என்று கேளுங்கள். சலம் மங்கலான வைக்கோல் நிறத்தில் போகிறதா என்று கேளுங்கள். கடும் மஞ்சள் என்றால் போதவில்லை. காலை பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் நாலு மணிக்கு ஒன்று என்று இந்தத் தம்ளருக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று இந்தப் போத்தலைச் செய்து கொடுத்தால், நீங்கள் அனுப்பும் எந்தச் சத்துமாவையும்விட அது பெரிய உதவி.

கடைசியாக, தணிந்த குரலில் வரும் அந்த இரண்டாவது பதில். "அங்கை போக ஏலாது." எவ்வளவு ருசியாகப் பானம் செய்து கொடுத்தாலும், மலசலகூடத்தின் கதவுக்குக் கொண்டி இல்லையென்றால், தண்ணீர் வரவில்லையென்றால், மாதவிடாய் நாட்களில் துவாய் போட ஒரு மூடிய வாளி இல்லையென்றால், பிள்ளை குடிக்க மாட்டாள். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை அடக்கிக்கொண்டு இருப்பாள். அந்தப் பழக்கம் பிறகு வேலைத்தலத்துக்கும் போகும். முப்பது வயதில் சலக்கடுப்போடு என் முன்னால் வந்து இருக்கும். இது ஒரு பாடசாலையின் கதையல்ல. நாடு முழுவதும் பெண்பிள்ளைகள் சொல்லும் கதை.

எனவே செயற்குழுவிடம் இரண்டு வேண்டுகோள்கள். நூற்றாண்டை முன்னிட்டுச் சேரும் பணத்தில் மண்டபமும் வளைவும் கட்டுவது நல்லதுதான். அதற்கு முன்பாக ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பழைய மாணவிகள் இருவர், மாணவத் தலைவியர் இருவர் சேர்ந்து மலசலகூடங்களைச் சுற்றிப் பார்த்து, கொண்டி, தண்ணீர், சவர்க்காரம், வாளி என நான்கையும் குறித்து, குறையைச் சங்கச் செலவில் உடனே தீர்க்கும் ஒழுங்கு ஒன்றைச் செய்யுங்கள். பெரிய செலவல்ல. ஆனால் தொடர்ந்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, வரும் விளையாட்டுப் போட்டியில் இல்லங்களுக்குச் சாயப் பானத்தை விட்டு இதைக் கொடுங்கள். நூறு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன். 90 தேசிக்காய், 900 கிராம் சீனி, ஆறு பிடி புதினா, 120 கிராம் இஞ்சி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. பாகு காய்ச்ச 900 மில்லிலீற்றர்த் தண்ணீர், கலந்து கொடுக்க 20 லீற்றர்க் கொதித்தாறிய தண்ணீர். மீனுக்கு உடைக்கும் ஐஸ்பாரை மட்டும் அதற்குள் போடாதீர்கள். அது குடிப்பதற்காகச் செய்த தண்ணீர் அல்ல. முதல்நாள் வீட்டுக்கு வீடு ஐஸ்கட்டி உறைய வைத்துக் கொண்டுவந்தால் போதும்.

பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாகு ஆறிவிட்டது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வந்து கலந்து, முதலில் எங்கள் ஆசிரியைகளுக்குக் கொடுங்கள். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு தம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்புக் குறைவு என்று தோன்றினால், அது 75 கிராம் போட்ட போத்தல். இரண்டாவது தம்ளரில் பழகிவிடும்.